ஆட்டோமேட்டிக் ஐ10 காருக்கு கியர் பாக்ஸ் ஆயில் தேர்ந்தெடுத்த அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹூண்டாய் ஐ10, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். முன்பு வைத்திருந்தவர் சர்வீஸ் பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார். இன்ஜின் ஆயில், பிரேக் பேட், ஏசி கேஸ் எல்லாம் அதில் இருந்தன. கியர் பாக்ஸ் ஆயில் மாற்றியதாக ஒரு வரி கூட இல்லை. வண்டி எண்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஓட்டுவதில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தால், சிவப்பாக வரவேண்டிய ஆயில் கருப்பட்டிக் காபி நிறத்தில் வந்தது. முகர்ந்து பார்த்தேன், தீய்ந்த வாடை இல்லை. அதுதான் முக்கியம். கியர் வழுக்கி, ஆயிலும் தீய்ந்து போயிருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த நிலையில் புது ஆயில் ஊற்றி எதையும் மீட்க முடியாது.

சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, "அது லைஃப்டைம் ஆயில் சார், மாற்றவே வேண்டாம்" என்றார்கள். வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். சாதாரணப் பயன்பாட்டுக்கு மாற்றத் தேவையில்லை என்றுதான் அதிலும் இருந்தது. ஆனால் கடினப் பயன்பாடு என்று தனியாக ஒரு பட்டியல் உண்டு. 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலில் ஓட்டுவது, திரும்பத் திரும்பக் குறைந்த தூரம் போவது, தூசி, மலைச்சாலை. திருநெல்வேலியில் ஓடுகிற எந்த வண்டி இந்தப் பட்டியலில் வராமல் போகும்? வண்ணார்பேட்டையில் கிளம்பி, ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் தாண்டி, டவுன் ரத வீதிவரை உருட்டிக்கொண்டே போய் வருகிற வண்டி இது. லீவு நாளில் பாபநாசம் மலையும் ஏறும். லைஃப்டைம் என்ற சொல்லை நம்பி இந்த ஆயிலை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, மாற்றுவது என்று முடிவானது. எதை ஊற்றுவது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டிக்கும் ஆட்டோமேட்டிக் என்றுதான் பெயர். 2014-ல் மாருதி செலேரியோ காரில் வந்த ஏஎம்டி உண்மையில் மேனுவல் கியர் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது. அதற்கு மேனுவல் கியர் ஆயில்தான். கியர் படிகளே இல்லாத சிவிடி-க்கு அதற்கென்றே தனி ஆயில், டபுள் கிளட்சுக்கு வேறு. இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள பழைய முறை ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட். எங்கள் ஐ10 இந்த வகை. கடையில் போய் "ஆட்டோமேட்டிக் ஆயில் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும்.

மதுரை ரோட்டில் நான் ஏறிய ஸ்பேர்ஸ் கடையில் நடந்தது இது. கடைக்காரர் எடுத்து வைத்தது பஸ், லாரி பவர் ஸ்டியரிங்குக்குப் போகிற டைப் ஏ ஆயில்.

"அண்ணாச்சி, செவப்பு ஆயில்னா எல்லாம் ஒண்ணுதான். பஸ்ஸுக்கு இதத்தான் ஊத்துதாவ, உங்க சின்ன வண்டிக்கு என்ன?"

"நான் கேக்கது கியர் பாக்ஸுக்கு அண்ணாச்சி. எஸ்பி-3ன்னு புக்குல போட்டுருக்கு."

"நம்ம ஊரு வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியா இருந்தாத்தான் நிக்கும், பாத்துக்கிடுங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இரண்டுமே சரியில்லை. சிவப்பு நிறம் வெறும் சாயம். கீழே சொட்டினால் அது இன்ஜின் ஆயிலா, கியர் பாக்ஸ் ஆயிலா என்று கண்டுபிடிக்கத்தான் அந்த நிறம். தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கெட்டித்தன்மை விஷயமும் அப்படித்தான். ஏடிஎஃப் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. அழுத்தத்தோடு சின்னச் சின்ன வழிகளில் ஓடி, வால்வுகளைத் தள்ளி, கியரை மாற்றுவதும் அதே ஆயில்தான். எவ்வளவு நீர்மையான ஆயில் என்பதை வைத்துத்தான் அந்த வால்வுகளைக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். கெட்டியாக ஊற்றினால் கியர் விழுவது தாமதமாகும்.

இதைவிடப் பெரிய விஷயம் உராய்வு. கியர் பாக்ஸுக்குள் காகிதம் போன்ற பூச்சுள்ள கிளட்ச் தட்டுகள் ஆயிலில் ஊறியபடியே வேலை செய்கின்றன. கியர் மாறும்போது அவை முதலில் கொஞ்சம் வழுக்கி, அப்புறம் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். எவ்வளவு வழுக்கலாம், எப்போது பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் சேர்க்கும் ரசாயனம்தான் தீர்மானிக்கிறது. பிடிப்பு கூடிப்போனால் ஒவ்வொரு கியருக்கும் வண்டி வெட்டி இழுக்கும். குறைந்துபோனால் தட்டுகள் வழுக்கி வழுக்கிச் சூடேறிப் பளபளத்துப் போகும். டார்க் கன்வர்ட்டரை நேராகப் பூட்டுகிற லாக்கப் கிளட்ச் பிடிக்கிற வேகத்தில் வண்டி நடுங்குவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். ஒரு காலத்தில் இந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைத்தான் சேர்த்தார்களாம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தடை வந்த பிறகுதான் மாற்று தேடினார்கள். படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

ஒவ்வொரு கம்பெனியும் தன் தட்டுக்கு ஏற்றபடி ஒரு தரத்தை வைத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு டெக்ஸ்ரான், ஃபோர்டுக்கு மெர்கான், டொயோட்டாவுக்கு டி-4, பிறகு டபிள்யூஎஸ், ஹோண்டாவுக்கு இசட்-1, அதன் இடத்தில் வந்த டிடபிள்யூ-1. ஹூண்டாயின் நான்கு, ஐந்து கியர் பெட்டிகளுக்கு எஸ்பி-3, ஆறு கியருக்கு எஸ்பி-4. இங்கேதான் கவனம் வேண்டும். டப்பாவில் இவை ரோமன் எண்ணில் இருக்கும், அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எஸ்பி-4 புதியது, அதனால் மேலானது என்று ஒரு கடையில் சொன்னார்கள். அது நீர்த்த ஆயில். டேட்டா ஷீட்டில் 100 டிகிரியில் பாகுத்தன்மை என்று ஓர் எண் இருக்கும். எஸ்பி-3 ரகத்துக்கு அது 7-ஐ ஒட்டி, எஸ்பி-4-க்கு 6-ஐ ஒட்டி. ஆறு கியர் பெட்டிக்கு அது பொருத்தம், எங்கள் பெட்டிக்கு இல்லை.

டெக்ஸ்ரான்-3 என்று எழுதிய டப்பாக்களும் கிடைத்தன. 2006-ஆம் ஆண்டு முடிவோடு அந்தத் தரத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திவிட்டது. இப்போது ஒரு டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் அது தயாரிப்பவரின் சொந்த வாக்கு மட்டுமே.

கடைசியில் போட்டி இரண்டுக்கு இடையில் வந்து நின்றது. ஒன்று, வண்டிக் கம்பெனியின் பெயரிலேயே வரும் எஸ்பி-3. இன்னொன்று, பல வண்டிக்கும் ஒரே ஆயில் என்று வரும் மல்டி வெஹிக்கிள் சிந்தெடிக். இரண்டாவது மட்டமானது என்று நான் சொல்லமாட்டேன். சூட்டைத் தாங்குவதில் அது மேலாகவே இருக்கலாம். ஆனால் டேட்டா ஷீட்டைப் படித்தால், சில தரங்களுக்கு நேரே "அங்கீகாரம் பெற்றது" என்றும், நீண்ட வரிசையில் மற்றவற்றுக்கு "பயன்படுத்தலாம்" என்றும் இருக்கிறது. முதலாவது வண்டிக் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. இரண்டாவது ஆயில் கம்பெனியின் கருத்து. எஸ்பி-3 அந்த நீண்ட வரிசையில்தான் இருந்தது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லாதபோது எதற்கு வம்பு? கம்பெனி எஸ்பி-3 தான் வாங்கினேன். சீல், பேட்ச் எண் எல்லாம் பார்த்து, ஜிஎஸ்டி பில் போட்டு.

மாற்றியது பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு மூத்த மெக்கானிக். மெஷின் வைத்து மொத்தமாக ஃப்ளஷ் செய்யலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. இத்தன வருசம் கெடந்த அழுக்க ஒரே நாள்ல கெளப்ப வேண்டாம். வடிச்சது எவ்வளவோ அவ்வளவு ஊத்துவோம். கொஞ்ச நாள் ஓட்டிட்டு வாங்க, மறுபடி செய்வோம்."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பெட்டியில் மொத்தம் ஆறு லிட்டருக்கு மேல் இருக்கும். அடிப் போல்ட்டைக் கழற்றினால் பாதி அளவுதான் வடியும், மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் நின்றுவிடும். அதனால் ஒரு தடவை மாற்றினால் பாதி புதுசு, அடுத்த தடவையில் முக்கால்வாசி. வடிந்ததைத் தண்ணீர் பாட்டில்களில் அளந்து, போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே மெல்லிய குழாய் வைத்த புனலால் ஊற்றினார்.

அளவு பார்ப்பதில் அவசரப்படக்கூடாது. புறவழிச்சாலையில் ஒரு சுற்று ஓட்டி, ஆயில் 70-80 டிகிரி சூட்டுக்கு வந்ததும், சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை நிறுத்தி எடுத்து, அதற்குப் பிறகு டிப்ஸ்டிக்கில் ஹாட் என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். நூல் உதிராத துணியால்தான் துடைக்க வேண்டும். ஒரு நூல் இழை வால்வில் மாட்டினாலும் தொந்தரவு. அளவு கூடினாலும் ஆபத்து, சுழலும் பாகங்கள் ஆயிலை நுரைக்கவைத்துவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது.

இரண்டாவது முறையும் மாற்றிய பிறகு டிப்ஸ்டிக்கில் தெளிவான சிவப்பு வந்தது. நெரிசலில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது முன்பைவிட மென்மையாகத் தெரிகிறது. எந்த தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்த ஆயில் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பில்லையும் அதிலேயே ஒட்டிவிட்டேன். பழைய ஆயிலை மெக்கானிக் தன் ஒர்க்‌ஷாப் பேரலில் ஊற்றிக்கொண்டார், மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.