ஆணியில் தொங்கும் பாட்டில்

4 மே 2025, கோட்டையூர்

நாளை மதுரைக்குப் புறப்படுகிறோம். மகனுக்கு ஒன்பது வயது. ஆசனவாய் இல்லாமல் பிறந்தவன். ஏறக்குறைய 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு நேரும் குறை இது. பிறந்த மறுநாளே மலம் வெளியேற வயிற்றில் வழி திறந்து பை வைத்தார்கள். ஏழாம் மாதம் பெரிய அறுவை சிகிச்சை. 1980களின் தொடக்கத்தில் குழந்தைகள் அறுவை மருத்துவர் ஆல்பர்ட்டோ பேன்யா வகுத்த முறையில், பின்புறம் நடுக்கோட்டில் திறந்து, தசைகளுக்கு நடுவே குடலைப் பொருத்தினார்கள். பிறகு பையை எடுத்து மூடியது மூன்றாவது. எல்லாம் நன்றாகவே நடந்தன. ஆனால் முதுகுத்தண்டின் அடி எலும்பு சரியாக வளராத பிள்ளைகளுக்கு அப்பகுதியின் நரம்பும் தசையும் வலுக்குறைந்திருக்கும் என்பதையும், மலம் இறங்குவதே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம் என்பதையும் நான் புரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை சோம்பேறித்தனம் என்று எண்ணி இரண்டு முறை அடித்திருக்கிறேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

7 மே, மதுரை

எக்ஸ்ரேயைப் பார்த்து அதிர்ந்தேன். ஓயாமல் கசிகிறதே என்று பழத்தையும் கீரையையும் நிறுத்தி வைத்திருந்தேன். படத்திலோ பெருங்குடல் முழுவதும் மலம் கட்டியிருந்தது. இறுகியதைச் சுற்றி வழிந்து வருவதைத்தான் வயிற்றுப்போக்கு என்று நினைத்திருந்தேன். குடலில் ஒரு பகுதியை இழந்த பிள்ளைகளுக்கு நிலைமை தலைகீழ். அவர்களுக்குக் குடல் வேகமாக ஓடும், உணவில் கட்டுப்பாடு வேண்டும். எனவே ஒரு வீட்டுப் பத்தியம் மற்றொரு வீட்டுக்கு ஆகாது.

இங்கே ஒரு வாரம் தினமும் எனிமா (ஆசனவாய் வழியாக நீர் ஏற்றிக் குடலைக் கழுவுவது), தினமும் எக்ஸ்ரே. லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கில் கலந்த உப்பு நீரில் அவனுக்கு எவ்வளவு தேவை, கிளிசரின் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றுகிறார்கள். அடக்கும் திறனை இது தராது. பெருங்குடலை ஒரே அமர்வில் காலி செய்துவிட்டால் மறுநாள் அதே நேரம் வரை கசிய ஒன்றும் இருக்காது, அவ்வளவே.

10 மே, மதுரை

இன்று எங்கள் இருவருக்கும் தனித்தனியாக வினாத்தாள் கொடுத்தார்கள். உடல், மனம், நட்பு, பள்ளி என்று பிரித்து, கடந்த ஒரு மாதத்தில் எது எவ்வளவு தொல்லையாக இருந்தது என்று கேட்கும் 23 கேள்விகள். பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. பார்த்து எழுதக் கூடாது என்று என்னை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மோசமான பக்கத்தையே குறித்திருந்தேன். அவனோ ஓட்டம், விளையாட்டு, தூக்கம் எதிலும் பெரிய குறை சொல்லவில்லை. பள்ளியில் மட்டும் இறங்கியிருந்தான். கடைசி வரிசை சன்னலோரம் அவனைத் தனியே உட்கார வைத்ததை நானே பலமுறை சென்று முறையிட்டும் மாற்றாத பள்ளி அது. எனக்கு வியப்பில்லை. தாளின் அடியில், யாரும் கேட்காமலே, பென்சிலால் எழுதியிருந்ததுதான் என்னை உலுக்கியது: “அம்மா எல்லார் முன்னாடியும் மோந்து பாக்குறது.”

பள்ளி வாசலில், கோயிலில், கல்யாண வீட்டில் என்று அவனை அணைப்பது போல் குனிந்து நான் செய்துவந்த காரியம் அது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒன்பது ஆண்டுகளாக அவனுடைய வாழ்க்கைத் தரத்தை வாளியில் ஊறும் துணிகளைக் கொண்டே அளந்திருக்கிறேன்.

19 மே, கோட்டையூர்

பழைய வீட்டில் கழிப்பறை கொல்லைப்பக்கம், வீட்டின் மூன்றாம் கட்டுக்கும் அப்பால். எனிமா நீர் பாட்டிலை மாட்ட அப்பச்சி சுவரில் ஆணி அடித்துக் கொடுத்தார்கள். காலை ஆறரைக்குத் தொடக்கம். நீர் இறங்கி, பத்து நிமிடம் அடக்கி, முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். அப்பத்தா கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு அமர்ந்து அவனோடு விடுகதை போடுகிறார்கள். ஒன்பது நாளில் ஒரே ஒரு முறை கசிவு, அதுவும் அவசரமாக எழுந்த நாளில்.

இன்னும் வளர்ந்தபின் குடல்வாலைத் தொப்புளுடன் இணைத்து, அதன் வழியாகத் தானே நீர் ஏற்றிக்கொள்ளும் சிகிச்சையும் உண்டு என்றார் மருத்துவர். 1990-இல் மலோன் என்ற அறுவை மருத்துவர் வெளியிட்ட முறை. அவன் முதலில் கேட்டது, “அப்ப அம்மா உள்ள வர வேண்டாமா?” என்பதுதான்.

8 ஜூன், கோட்டையூர்

நேற்று பங்காளிகள் வீட்டுப் படைப்பு, முன்னோரை வணங்கும் நாள். பிள்ளைகள் எல்லாரும் பட்டாலையில், அதாவது வீட்டின் உள்திண்ணையில், வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பது வழக்கம். இவன் இதுவரை என் அருகில், ரப்பர் விரிப்பின் மேல், அறைக்குள்தான் படுத்திருக்கிறான். நேற்று தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கும்மாயம் என்ற உளுந்து இனிப்பை இரண்டு கிண்ணம் சாப்பிட்டிருந்தான். நான் தடுக்கவில்லை, ஆனால் தூங்கவுமில்லை.

விடிவதற்கு முன் விளக்கைப் போடாமல் போய் நின்றேன். ஆறு பிள்ளைகள், நடுவில் அவன். குனியப் போனவள், ஆத்தங்குடித் தரையின் குளிர் காலில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பி அடுப்படிக்கு வந்தேன்.

ஆறே முக்காலுக்குத் தானே எழுந்து வந்து கேட்டான்: “மணியாச்சு. பாட்டில இன்னும் ஆணியில மாட்டலையா?”