ஒரு சாவு, இரண்டு தாள்

ஏப்ரல் 4
தீங்கியலையும் குற்றவியலையும் ஒருவரே சேர்த்து நடத்துவதா, பிரிப்பதா என்ற முடிவுக் கடிதம் வரவில்லை.

ஏப்ரல் 5
தீங்கியல் (பிறருக்கு விளைந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் உரிமையியல் சட்டம்) வினாத்தாளின் முதல் வரைவு. 20 மதிப்பெண் பிரச்சினைக் கேள்வி ஒன்றுக்கே காலை முழுதும் போனது. 14 வரி, நான்கு ஆட்கள், மூன்று நிகழ்வுகள். அதற்கு மேல் போனால் யார் யார் என்று பிரித்தறிவதிலேயே மாணவரின் நேரம் கரைந்துவிடும். பெயர்கள் வெவ்வேறு எழுத்தில் தொடங்கட்டும். முரளி முருகனை இடித்தார் என்று வைத்தால் மூன்றாம் பக்கத்தில் முருகன் முரளியை இடித்திருப்பார்.

கேள்வியில் சும்மா கிடக்கிற தகவல் ஒன்றும் இருக்கக்கூடாது. மழை பெய்தது என்றால் அது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டுமா என்பதற்காகப் பெய்யவேண்டும். வீணாகப் பெய்தால் பாதி வகுப்பு 'கடவுள் செயல்' என்று இரண்டு பக்கம் எழுதிவிடும். அது நம் தவறு.

பிரிப்பு: பிரச்சினையைக் கண்டுபிடிக்க 4, விதியைச் சொல்ல 5, பொருத்திக் காட்ட 9, முடிவுக்கு 2. பொருத்துவதற்கு இதைவிடக் குறைத்தால் மனப்பாடம் ஜெயித்துவிடும்.

ஏப்ரல் 6
மறுபடியும் நத்தை. இடைத்தேர்வுத் தாள்களில் 'பாட்டிலுக்குள் நத்தை இருந்தது நிரூபிக்கப்பட்டது' என்று வரிசையாக வருகிறது. டோனகியூ எதிர் ஸ்டீவன்சன், 1932: குடித்த பானத்தின் பாட்டிலில் நத்தை கிடந்தது என்று ஒரு பெண்மணி தயாரிப்பாளர் மீது போட்ட வழக்கு. நத்தை ஒருநாளும் நிரூபணம் ஆகவில்லை. அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை முன் இருந்த கேள்வி ஒன்றுதான்: அந்தப் பெண்மணி சொல்வது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், தயாரிப்பாளர் மீது வழக்கு நிற்குமா? 3க்கு 2 என்று நிற்கும் என்றார்கள். சாட்சி விசாரணைக்குப் போகுமுன்பே சமரசம் ஆகிவிட்டது. சட்டக் கேள்வி எது, சங்கதிக் கேள்வி எது என்று இந்த வழக்கில் பிடிபடாதவருக்கு வேறெந்த வழக்கிலும் பிடிபடுவது கஷ்டம்.

ஏப்ரல் 9
எவ்வளவு கவனக்குறைவு குற்றம் ஆகும்? இன்றைக்கு வகுப்பு இது ஒன்றுதான்.

இங்கிலாந்தின் அடோமாகோ வழக்கை நிமிடக் கணக்கில் போர்டில் எழுதினேன். கண் அறுவை சிகிச்சை. நோயாளியின் தசைகளை மருந்தால் செயலிழக்க வைத்திருக்கிறார்கள். தானாக மூச்சுவிட முடியாது. குழாய் கழன்றுவிடுகிறது. ஏறத்தாழ 4.5 நிமிடம் கழித்து எச்சரிக்கை ஒலி. மயக்க மருத்துவர் கருவிகளைப் பார்க்கிறார், நாடித் துடிப்பை ஏற்ற மருந்து கொடுக்கிறார். குழாயின் இணைப்பை மட்டும் பார்க்கவில்லை. 15 விநாடிக்குள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபுணர் சாட்சி சொன்னார். 1994-இல் பிரபுக்கள் சபை தண்டனையை உறுதிசெய்தது.

பக்கத்திலேயே ஜேக்கப் மேத்யூ, 2005, இந்திய உச்ச நீதிமன்றம். மூச்சுத் திணறும் நோயாளி. கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலி. அடுத்த அறையிலிருந்து வேறொன்றைத் தூக்கிவந்தால் அதை இயக்க வழியில்லை. 5 முதல் 7 நிமிடம் வீணானது என்பது புகார். மருத்துவர்கள் மீதான குற்ற வழக்கு ரத்து. மருத்துவமனைக்கு உரிமையியல் பொறுப்பு இருக்கலாம், அது வேறு விஷயம் என்றது நீதிமன்றம். கவனக்குறைவால் சாவு விளைவிப்பதைத் தண்டித்த, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 304ஏ-வில் 'கடுமையான' என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் குற்றவியலில் கவனக்குறைவு அந்த அளவுக்குக் கடுமையாக இருந்தே ஆகவேண்டும் என்று சேர்த்துப் படித்தார்கள்.

இரண்டிலும் போனது மூச்சுதான். கோடு எங்கே விழுகிறது? ஒன்றில் அந்த மனிதரின் கண்ணெதிரே இருந்த இணைப்பு. மற்றதில் அமைப்பின் கோளாறு. இதைத் தீங்கியல் தெரியாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? குற்றவியலை மட்டும் எடுப்பவர் 'கடுமையான' என்பதை எதோடு ஒப்பிட்டுக் காட்டுவார்?

ஏப்ரல் 10
இன்றும் இல்லை.

ஏப்ரல் 11
பாடக்குறிப்பில் திருத்தம்: 2024 ஜூலை 1 முதல் 304ஏ-வின் இடத்தில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1). உச்ச தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டு. சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுதான். பழைய எண்ணையும் பக்கத்தில் விட்டுவைக்கவேண்டும். பழைய தீர்ப்புகளைப் படிக்க அதுதான் சாவி.

ஏப்ரல் 13
பிரித்துவிடலாம் என்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும். இரண்டும் இங்கிலாந்து வழக்குகள். 1962: உருகிய உலோகம் தெறித்துத் தொழிலாளியின் உதட்டில் சிறு தீப்புண். ஏற்கெனவே புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருந்த உடல். மூன்று ஆண்டில் சாவு. முதலாளி சாவுக்கும் சேர்த்து இழப்பீடு தரவேண்டும். 1975: கத்திக்குத்துப் பட்ட 18 வயதுப் பெண், மத நம்பிக்கையால் ரத்தம் ஏற்ற மறுத்து இறக்கிறார். குத்தியவரே சாவுக்குப் பொறுப்பு. அடிபட்டவரை இருக்கிறபடியே ஏற்றுக்கொள், உடலையும் மனத்தையும். ஒரே விதிதான், இரண்டு தாளில் இருக்கிறது.

பிறகு பிரிகிற இடங்கள். அடிபட்டவரின் பங்குக் கவனக்குறைவு இழப்பீட்டைக் குறைக்கும். குற்ற வழக்கில் அதுவே எதிர்வாதம் ஆகாது. உரிமையியலில் நிகழ்ந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்றால் போதும். குற்றவியலில் நியாயமான சந்தேகத்துக்கு இடமிருக்கக்கூடாது. ஒரே விபத்தை எடுத்து, போர்டில் நடுக்கோடு போட்டு, இரு பக்கமும் நிரப்பச் சொன்னால் 40 நிமிடத்தில் பிடிபடுகிறது. தனித்தனியாக நடத்தினால் இறுதியாண்டிலும் உரிமையியல் விடையில் 'குற்றவாளி' என்று எழுதுகிறார்கள்.

ஏப்ரல் 15
84 தாள். தாள் தாளாக அல்ல, கேள்வி கேள்வியாகத் திருத்தவேண்டும். முதல் பத்தை மதிப்பெண் போடாமல் படிக்கவேண்டும். முடிந்ததும் முதல் ஐந்தை மறுபடி எடுக்கவேண்டும். கை போகப்போக இறுகும், சிலநாள் இளகும்.

ஏப்ரல் 16
கடிதம் இல்லை. கேட்டால் 'பரிசீலனையில்' என்கிறார்கள்.

ஏப்ரல் 18
மூன்றாம் கேள்வியில் எல்லோரும் ஒரே இடத்தில் விழுகிறார்கள். கடமை இருந்தது, மீறினார், ஆகவே பொறுப்பு. நடுவில் காரணத் தொடர்பைக் காணோம். தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்ததைக் குடித்த காவலாளி வழக்கைத்தான் வகுப்பில் சொன்னேன்: மருத்துவர் நேரில் பார்க்காமல் திருப்பி அனுப்பியது மீறல்தான். பார்த்திருந்தாலும் மாற்று மருந்து நேரத்துக்குக் கிடைத்திராது, ஆள் பிழைத்திருக்க மாட்டார். ஆகவே வழக்கு தோற்றது.

ஒரே ஒரு தாளில், விளிம்பில், பென்சிலால்: 'பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா?' அந்தக் கேள்வியை விடைக்குள் கொண்டுவரவில்லை. விளிம்பில் எழுதியதற்கு மதிப்பெண் கிடையாது. 'இதை உள்ளே எழுது' என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டேன்.

ஏப்ரல் 19
63 வரை. மீதி 21.