முதலில் கை தூக்கியது யார்

அந்தப் பந்து கோல் கம்பத்தில் பட்டதா என்று இன்றும் யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். அதனால் என் தூக்கம் கெட்டதில்லை. நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அடுத்த இரண்டு விநாடியை. எல்லைக் கோட்டைக் கவனிக்கும் பவுண்டரி அம்பயர் பையன் கையைத் தூக்கியதால் நான் அவன் பக்கம் திரும்பினேனா, இல்லை நான் திரும்பியதால் அவன் கையைத் தூக்கினானா?

2022 சீசனின் கடைசி ரவுண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், கோல்பர்ன் வேலி பக்கத்து லீக் ஒன்று. ஆட்டம் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால். ஊர்ப் பெயர்கள் வேண்டாம். இரண்டு கிளப்பிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அன்று கார் ஹார்னை விடாமல் அடித்தவர்களில் ஒருவர் திங்கட்கிழமைகளில் ரத்தப் பரிசோதனைக்கு என்னிடம்தான் கை நீட்டுவார். வார நாட்களில் ரத்தம் எடுப்பது, சனிக்கிழமைகளில் கோல் கோட்டில் நின்று ஸ்கோரைத் தீர்மானிக்கும் கோல் அம்பயர். இரண்டுக்கும் சம்பளம் உண்டு, இரண்டிலும் யாரும் என்னைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில்லை.

அந்த ஆட்டத்துக்கு ஏன் அவ்வளவு சூடு என்றால், 2020-ல் கோவிடால் ஆட்டமே கிடையாது. 2021-ல் ஆகஸ்ட் லாக்டவுன் வந்து ஃபைனல்ஸ் நடக்காமலே சீசனை மூடிவிட்டார்கள். இரண்டு வருடப் பசி. ஜெயிக்கும் அணி முதல் ஐந்துக்குள், தோற்கும் அணி வீட்டுக்கு. மைதானத்தின் வேலியைச் சுற்றிக் கார் நிறுத்த இடமில்லை. கிராமத்து ஃபுட்டியில் கைதட்டலுக்குப் பதில் ஹார்ன்தான். காருக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு இறைச்சி அடைத்த ‘பை’ பலகாரத்தைத் தின்றபடியே அடிப்பார்கள்.

கடைசி குவார்ட்டரின் நடுவில் உள்ளூர் அணிக்கு ஒரு செட் ஷாட், யாரும் தடுக்காமல் நிதானமாக உதைக்கும் வாய்ப்பு. நாற்பது மீட்டர் இருக்கும். கோல் கம்பங்களுக்கு இடையே 6.4 மீட்டர், அதற்குள் எதிலும் படாமல் போனால் கோல், ஆறு பாயிண்ட். கம்பத்தில் உரசினாலோ, அதற்கும் வெளிப்பக்கத்துப் பிஹைண்டு கம்பத்துக்கும் இடையே போனாலோ பிஹைண்டு, ஒரு பாயிண்ட். பந்து நேராகத்தான் கிளம்பியது. காற்று அதை வலது கம்பத்தின் பக்கம் தள்ளியது. நான் கோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கம்பத்தைச் சுற்றியிருக்கும் பஞ்சு உறைக்கு மேலே, வெள்ளைப் பெயின்ட் உரிந்திருந்த இடத்தின் அருகே அது போனது. உள்ளே என்று தோன்றியது. ஃபீல்டு அம்பயர் “ஆல் கிளியர்” என்று கத்தினார், இனி நான் தீர்ப்பைக் காட்டலாம். ஹார்ன்கள் தொடங்கிவிட்டன. கோல் என்று இரண்டு கைகளிலும் ஆள்காட்டி விரலை நீட்டிவிட்டுக் கொடிகளை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

நான் விரலை நீட்டவில்லை. பிஹைண்டு கம்பத்தருகே நின்ற பையனைப் பார்த்தேன். அவன் கை மேலே இருந்தது.

“சத்தம் கேட்டது,” என்றான், ஓடி வந்து.

“பட்டதைப் பார்த்தாயா?”

“பார்க்கவில்லை. கேட்டது.”

“நிச்சயமா?”

ஒரு தடவை வேலியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். “ம்.”

ஃபீல்டு அம்பயரும் வந்தார். அவருக்கு அந்தத் தூரத்திலிருந்து ஒன்றும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சந்தேகம் என்றால் குறைந்த ஸ்கோர், அதுதான் விதி. ஒரு விரல், ஒரு கொடி.

ஆட்டம் முடிந்தபோது உள்ளூர் அணி 9.14, அதாவது ஒன்பது கோலும் பதினான்கு பிஹைண்டும், மொத்தம் 68. வந்த அணி 11.6, அதாவது 72. நான்கு பாயிண்ட். அதைக் கோலாகக் கொடுத்திருந்தால் 73-72. இந்தக் கணக்கை மைதானத்தில் எல்லோரும் எனக்கு முன்பே போட்டுவிட்டார்கள்.

என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்துக்குப் பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆட்டம் இருந்தது. அந்த அணி அன்று அடித்த மற்ற 13 பிஹைண்டில் நான்கைந்து, கம்பத்துக்கு எதிரே நின்று கோட்டை விட்டவை. பவுண்டரி அம்பயரும் அம்பயர்தான். செட் ஷாட் நேரத்தில் அவனைக் கம்பத்தருகே நிற்க வைப்பதே இன்னொரு ஜோடிக் கண்ணுக்காக. பதினாறு வயது என்பதற்காக அவனைக் கேட்காமல் விட்டால், பொம்மை போல நிற்க வைத்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம்? கேன்டீனில் நின்ற ஒரு பெரியவர், செயின்ட் கில்டா அணியின் ரசிகர், எனக்கு ஆறுதல் சொன்னார்: “பிஹைண்டைக் குறைவாக நினைக்காதே. 1966-ல் நாங்கள் கோப்பை வாங்கியதே ஒரு பிஹைண்டால்தான்.” உண்மைதான். 74-73, காலிங்வுட்டுக்கு எதிராக. அதற்கு முன்னும் பின்னும் அவர்களுக்குக் கோப்பையே கிடையாது.

இதெல்லாம் சரி. ஆனால் அவன் வாயைத் திறக்கும்வரை மைதானத்தில் சந்தேகம் என்று ஒன்று இருந்ததா? எனக்கு உள்ளே என்று தோன்றியிருந்தது. தோன்றியது என்றால் எவ்வளவு? பத்துக்கு ஒன்பது என்று சில நாள் சொல்வேன், பத்துக்கு ஆறு என்று சில நாள். அவனிடம் கேட்டதை நினைத்துச் சங்கடப்படும் நாட்களில் எண் தானாக இறங்கிவிடுகிறது. அது எனக்கே தெரிகிறது.

“நிச்சயமா?” என்று கேட்டேனே, அதுவும் இருக்கிறது. ஒரு பெரியவர் அப்படிக் கேட்டால் பதினாறு வயதுக்காரன் என்ன செய்வான்? பின்வாங்குவான், அல்லது இருப்பதைவிடக் கூடுதலாக உறுதி காட்டுவான். அவன் இரண்டாவதைச் செய்தான் என்று நினைக்கிறேன். நிஜமாகவே உறுதியாக இருந்திருக்கவும் கூடும். உறைக்கு மேலே வெறும் கம்பத்தில் பட்டால் ‘டங்’ என்று கேட்கும், தெளிவாகவே கேட்கும். என் காதில் அப்போது ஹார்ன்தான் இருந்தது.

கூட்டம் பார்த்தது ஒன்றே ஒன்று: பையன் ஓடி வந்தான், கோல் போனது. என்னை யாரும் திட்டவில்லை.

பவுண்டரி த்ரோ-இன் பார்த்தவர்களுக்குத் தெரியும். பந்து வெளியே போனால் பவுண்டரி அம்பயர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலே பின்னோக்கி வீச வேண்டும். அதாவது அவன் முகம் வேலியைப் பார்த்திருக்கும். மீதி ஆட்டத்தில் அந்தப் பக்கம் பந்து வெளியே போன ஒவ்வொரு முறையும் அவன் அந்த ஆட்களுக்கு நேராக, இரண்டு கையிலும் பந்தைப் பிடித்தபடி நின்றான். காது சிவந்திருந்தது. வீச்சு மட்டும் கோணவில்லை. அந்த வருடம்தான் ஆஸ்திரேலிய ஃபுட்பாலை நடத்தும் ஏஎஃப்எல், நாடு முழுக்க உள்ளூர் ஆட்டங்களுக்குச் சுமார் 6,000 அம்பயர்கள் போதவில்லை என்று சொல்லி, அம்பயரிடம் கையை விரித்து முறைத்துக்கொள்ளும் ஆட்டக்காரருக்கு, எதிரணியை முன்னேறவிடும் ஐம்பது மீட்டர் அபராதம் என்று கெடுபிடி செய்தது. ஆட்டக்காரர்கள் அடங்கித்தான் போனார்கள். வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கு எந்த ஐம்பது மீட்டர்? நான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். லீகிலிருந்து கிளப்புக்குக் கடிதம் போனது. அத்தோடு சரி.

சில வாரம் கழித்து சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் அவன் அம்மாவைப் பார்த்தேன். சண்டைக்கு வரவில்லை. தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தெரிந்துகொள்ளத்தான் என்பதுபோலக் கேட்டார்: “அவனிடம் ஏன் கேட்டீர்கள்?”

விதியைச் சொன்னேன். அவனுக்கு மரியாதை கொடுத்துத்தான் கேட்டேன் என்றும் சொன்னேன்.

“விதி சரி,” என்றார். “அன்றைக்கு அவனுக்கு அந்த மரியாதை வேண்டாமாக இருந்திருக்கும்.”

அதற்கு ஒரு பதில் எனக்கு வந்தது, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு. அவன்தான் முதலில் கை தூக்கினான், தூக்கிய கையை நான் எப்படிப் பார்க்காமல் இருப்பது என்று. நல்ல பதில். உண்மையா என்றுதான் தெரியவில்லை. ஒரு கிளப்பின் இணைய ஒளிபரப்பு இருந்தது, தேடிப் பார்த்தேன். கேமரா பந்தின் பின்னால் போகிறது, பிறகு கொண்டாடும் ஆட்டக்காரர்களிடம் போகிறது. எங்களிடம் திரும்பும்போது நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த வருடம் அவன் பெயர் பட்டியலில் இல்லை. சனிக்கிழமைகளில் டயர் கடையில் வேலை என்றார்கள். அங்கே கூடுதலாகக் கிடைக்கலாம், மழையில் ஓட வேண்டியதும் இல்லை. அந்த வயதில் பாதிப் பேர் இப்படித்தான் விட்டுப் போகிறார்கள். அந்த ஆட்டத்தால்தான் போனான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

2023 ஆகஸ்டில் அடிலெய்டு, சிட்னியிடம் ஒரு பாயிண்டில் தோற்ற ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிலெய்டின் பென் கீஸ் அடித்தது கம்பத்தில் பட்டது என்று கோல் அம்பயர் உறுதியாகப் பிஹைண்டு கொடுத்தார். வீடியோ ரிவ்யூ 2012 முதல் இருக்கிறது, கேட்டால் போதும். அவருக்குச் சந்தேகம் இல்லை, கேட்கவில்லை. பந்து கம்பத்தைத் தொடவே இல்லை. தவறு என்று ஏஎஃப்எல்லே ஒப்புக்கொண்டது. அந்த சீசனில் அவருக்கு மறுபடி ஆட்டம் தரவில்லை. மறுநாள் எங்கள் அம்பயர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒரே பாட்டு: கேட்டிருக்கலாமே, கேட்பதில் என்ன நஷ்டம்? நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். கேட்பதில் நஷ்டம் இருக்கிறது. கேட்கப்படுகிறவருக்கு.

இப்படி எழுதிவிட்டு, போன சீசனில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. அதேபோல ஒரு பந்து, இடது கம்பம், இந்த முறை தாழ்வாக. பவுண்டரியில் ஒரு பெண், இன்னும் பள்ளிதான். அவள் கை தூக்கினாள். இந்த முறை அவள்தான் முதலில், அதில் குழப்பமே இல்லை. நான் இரண்டு விரலை நீட்டினேன், கொடிகளை வீசினேன், அட்டையில் குறித்துக்கொண்டேன். பந்து உள்ளேதான் போனது. ஆட்டமும் ஒரே அணியின் பக்கம் எளிதாகப் போனது, யாருக்கும் நினைவிருக்காது.

முடிந்ததும் அம்பயர் அறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: “நான் கை தூக்கினதைப் பார்க்கலையா?”

“எனக்குத் தெளிவாகத் தெரிந்தது,” என்றேன்.

“பட்ட மாதிரி இருந்தது எனக்கு,” என்றாள். ஃபீல்டு அம்பயர் பக்கம் திரும்பி, இனிமேல் கை தூக்கணுமா வேண்டாமா என்று கேட்டாள். அவர், கட்டாயம் தூக்கணும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.