பித்தளை மைக்ராஸ்கோப்பும் அம்மாவின் புளியும்

ஆறாவது வாரம் ஓடுகிறது. 30க்கு 40 சென்டிமீட்டர் கான்வாஸ், ஆயில் பெயிண்ட். மேசையில் பழைய பித்தளை மைக்ராஸ்கோப், ஒரு மணற்கடிகாரம், வயலின் வடிவ மரப்பெட்டிக்குள் அடங்கும் சின்னத் தூக்குக்கோல். இங்கே சிங்கப்பூரில் அதை 'டாச்சிங்' என்பார்கள். ஒரே தட்டு, புள்ளி வைத்த கோல், நூலில் தொங்கும் குண்டு. நம்ம ஊர் வெள்ளிக்கோலின் குட்டித் தம்பி. தங்கமும் மருந்துச் சரக்கும், ஒரு காலத்தில் அபினும் இதில்தான் நிறுத்தார்கள். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடினார்களே, அதற்குச் சில வாரம் முன்பு அங்கே பேரம் பேசி வாங்கினேன்.

முதலில் ரா அம்பர் என்ற மண் பழுப்பு நிறத்தை மட்டும் வைத்து ஒளியும் நிழலும் போட்டேன். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிட்டது. பின்னணிக்கு வைத்த ஐவரி பிளாக் என்ற கறுப்பு ஒரு வாரமாகியும் விரலில் ஒட்டியது.

பித்தளைக்குத் தங்கப் பெயிண்ட் வேண்டாம். மஞ்சள் ஓக்கர், ரா அம்பர், துளி அல்ட்ராமரின் நீலம் போதும். பித்தளைக்கென்று தனி நிறம் ஏது? எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். குழாயில் நெட்டாக ஒரு நீலக் கீற்று: ஜன்னல். அதன் பக்கத்தில் முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. எங்கிருந்து வருகிறது என்று தேடினால், என் டீ-ஷர்ட்! அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அதே சட்டை.

குழாயை முடித்த மறுநாள் வேலை முடிந்து வருகிறேன், மைக்ராஸ்கோப் பளபளவென்று நிற்கிறது. "களிம்பேறிக் கெடந்துச்சுடா, குத்துவிளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேச்சுட்டேன்" என்றார் அம்மா. புளியின் அமிலம் பல வருடக் கறையைப் பத்தே நிமிடத்தில் கரைத்துவிட்டது. கோபப்படவும் முடியவில்லை, விளக்கும் அழகாகத்தான் இருந்தது.

அடிப்பாகத்தை அதுவரை வரைந்திருக்கவில்லை. போனில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தேன். பச்சை கலந்த பழுப்பையெல்லாம் போன் வெறும் கறுப்பாக்கியிருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தேன். பிறகு கண்ணுக்குத் தெரிந்தபடி பளபளப்பாகவே வரைந்து, காய்ந்ததும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் சற்றுக் கூடுதலாகச் சேர்த்த ரா அம்பரை மெல்லிசாக மேலே இழுத்தேன். பரவாயில்லை ரகம். குழாயில் இருக்கிற உயிர் இதில் இல்லை.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நான் தண்ணீரில் ஊறப்போடுகிறேன்.

படத்தைக் காய வைக்க முதலில் நினைத்த இடம் பாம் ஷெல்ட்டர், வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஜன்னல் இல்லாத பாதுகாப்பு அறை. ஆனால் இருட்டில் லின்சீட் மஞ்சளாகிவிடும். அதனால் வெளிச்சம் படும்படி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் ஆகும். மணற்கடிகாரக் கண்ணாடி பாக்கி. அதன்மேல் 'கழுவ வேண்டாம்' என்று சீட்டு ஒட்டியாயிற்று.