ஜெபக் கடிதத்தில் விட்டுப்போன பத்து நிமிடம்

ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவியிலிருந்து திரும்பிய மூன்றாவது ஞாயிறு, லிங்கராஜபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். சொன்னேன். ஆராதனை முடிந்து வெளியே காப்பியும் வடையும் கொடுக்கிற இடத்தில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோலார் தங்கவயலில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், 2001-ல் சுரங்கத்தை மூடியதும் எங்களைப் போலவே பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர். "ஏம்மா, நாலு வருஷம் ஊழியம் பண்ணியே, எத்தனை ஆத்துமா ஆதாயம் பண்ணே?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, என் ஊழியத்துக்காக மாதாமாதம் இருநூறு ரூபாய் கொடுத்த மனுஷன், கணக்குக் கேட்க உரிமை உண்டு.

"தாத்தா, அங்க முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே கிறிஸ்தவங்கதான்" என்றேன். அவர் நம்பவில்லை.

ஆனால் அதுதான் உண்மை. மலாவியில் நாலில் மூன்று பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875-லேயே அங்கே ஏரிக்கரையில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கிவிட்டார்கள். நம் திருநெல்வேலிக்காரர்கள் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தது 1903-ல், அதற்குள் அங்கே ஒரு தலைமுறையே பாட்டுப் பாடிப் பழகிவிட்டது. நான் இருந்த கிராமத்தில் ஆர்கன் கிடையாது, கீபோர்டு கிடையாது, கிணற்றடியில் துணி துவைக்கிற பெண்கள் நாலு குரலாகப் பிரிந்து பாடுவார்கள் பாருங்கள், எங்கள் சபை பாடகர் குழுவுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தாலும் வராது. இவர்களுக்கு நான் என்னத்தைச் சுவிசேஷம் சொல்வது? டேவிட் லிவிங்ஸ்டன் பெயரைச் சொல்லாத மிஷனரிக் கூட்டம் கிடையாது, டாக்டராகவும் மிஷனரியாகவும் ஆப்பிரிக்கா முழுக்க நடந்தவர். அவர் கணக்கில் மனம் மாறியவர் செச்செலே என்ற ஒரே ஒரு தலைவர்தான் என்பார்கள். 1848-ல் ஞானஸ்நானம் கொடுத்தார், சில மாதத்திலேயே அந்தத் தலைவரை அவரே நற்கருணையிலிருந்து விலக்கியும் வைத்தார். இதைப் பெரியவரிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் வடை ஆறிக்கொண்டிருந்தது.

சரி, அங்கே மிஷன் கிளினிக்கில் நர்ஸாக நான் என்னதான் செய்தேன்? பெரும்பாலும் எண்ணினேன். 2014-ல் மும்பை, அடிஸ் அபாபா வழியாக மலாவித் தலைநகர் லிலோங்வேயில் போய் இறங்கும்போது மனதில் என்னென்னவோ படம் இருந்தது, போன முதல் வாரம் என்னிடம் கொடுத்தது மருந்து அறைச் சாவியும் ஒரு ஸ்டாக் நோட்டும். மாத்திரை அட்டை எத்தனை, கையுறை எத்தனை, சோலார் ஃபிரிட்ஜில் தடுப்பூசி 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலை மாலை இரண்டு வேளை எழுதி வைக்க வேண்டும். கிளினிக் என்றால் மூன்று அறை, ஒரு பிரசவ அறை, வெளியே நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சமைத்துச் சாப்பிட ஒரு கொட்டகை. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மண் ரோடு, மழைக்காலத்தில் ஜீப்பே நடக்கும்.

அங்கே இந்தியர்களை ம்வேன்யே என்பார்கள். இந்தியர் என்றாலே கடைக்காரர் என்ற நினைப்பு, அதனால் உன் கடை எந்த ஊரில் என்று ரொம்ப நாள் கேட்டார்கள். சாப்பாடு மட்டும் எனக்குப் பிரச்சினையே இல்லை. ந்ஸிமா என்று வெள்ளைச் சோள மாவில் கிண்டுவார்கள், நம் கேப்பைக் களிக்கு அக்கா தங்கை, கையால் உருட்டித் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான். உஸிபா என்ற ஏரி மீன் கருவாட்டோடு சாப்பிட்டால் நெத்திலிக் கருவாடு ஞாபகம் வந்து கண் கலங்கும். என்னோடு தங்கியிருந்த வெள்ளைக்கார நர்ஸ் அந்த வாசனைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு ஓடுவாள்.

மொழிதான் கஷ்டம். அதில் ஒரு வார்த்தை மட்டும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது: பெபானி. மன்னியுங்கள் என்றும் அர்த்தம், உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்றும் அர்த்தம். ரோட்டில் நீங்கள் கால் தடுக்கினால் எதிரே வருகிறவர், கல்லை அவர் போடவேயில்லை என்றாலும், பெபானி என்பார்.

இனி சொல்ல வந்த விஷயம். கிளினிக்கில் காலை ஏழரை மணிக்கு ஜெபம். பாட்டு, வேத வாசிப்பு, ஒரு சின்னச் செய்தி, எட்டு மணிக்குத்தான் சீட்டுப் பதிவு. ஜனவரி முதல் மார்ச் வரை மழையும் மலேரியாவும் ஒன்றாக வரும், விடியுமுன்பே முற்றம் நிறைந்துவிடும். எல்லோர் கையிலும் ஹெல்த் பாஸ்போர்ட் என்ற சின்ன நோட்டு இருக்கும், அதை வரிசையில் கல் மாதிரி வைத்து இடம் பிடித்திருப்பார்கள். 2016 ஜனவரியில் ஒரு நாள் நாங்கள் எல்லோரும் உள்ளே கண்ணை மூடியிருந்தோம், ஜெபம் நீண்டுகொண்டே போனது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் வாசலில் காவலாளி நிற்கிறார், தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு. என்னவென்று கேட்டதும், வெளியே ஒரு குழந்தைக்கு வலிப்பு என்றார். எப்போதிலிருந்து? நீங்கள் ஜெபம் பண்ண ஆரம்பித்ததிலிருந்து என்றார்.

பத்து நிமிடம் இருக்கும். ஜெபத்தைக் கலைக்கக்கூடாது என்று நின்றிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அந்த மரியாதையை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தானே.

பெண் குழந்தை, இரண்டு வயதுக்குள், தராசில் பத்து கிலோ. அம்மா முதுகில் கட்டியிருந்த சித்தென்ஜே துணியோடே மேசையில் போட்டோம். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆசனவாய் வழியாக வலிப்பை நிறுத்துகிற டயாசெபாம் கொடுத்ததும் வெட்டி இழுப்பது நின்றது. குளுக்கோஸ் மீட்டரில் எண்ணே வரவில்லை, 'லோ' என்று மட்டும் காட்டியது, ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு குறைவு. நரம்பு கிடைக்கவில்லை. ஒரு ஸ்பூன் சர்க்கரையில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நாக்குக்கு அடியில் வைத்தேன், இடது கையில் தேடினேன், வலது கையில் தேடினேன், மூன்றாவது தடவை குத்தும்போது என் கை நடுங்கியது. அப்போது அந்தக் குழந்தையின் அம்மா, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்து மெதுவாக "பெபானி, சிஸ்டர்" என்றாள்.

நாலாவது தடவை தலையில், காதுக்கு மேலே கிடைத்தது. ஐம்பது சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் திரவம், பத்து மில்லி, சுத்தமான தண்ணீர் நாற்பது மில்லி, கலந்தால் பத்து சதவீதம் ஐம்பது மில்லி, பத்து கிலோவுக்குச் சரியாக இருந்தது. அப்புறம் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி, கிலோவுக்கு மூன்று மில்லிகிராம், அறுபது மில்லிகிராம் குப்பியில் பாதி. சாயங்காலம் குழந்தை அழுதது. குழந்தை வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அழுகைக்கு ஈடாக ஒரு பாட்டும் கிடையாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெங்களூர் சபைக்கு ஜெபக் கடிதம் எழுத வேண்டும். இந்தக் குழந்தையைப் பற்றி எழுதினேன். 'நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்த வேளையிலேயே கர்த்தர் இந்தப் பிள்ளையை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்' என்று எழுதினேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் விட்டுவிட்டேன். சபையில் அதை வாசித்தபோது நிறையப் பேர் ஸ்தோத்திரம் சொன்னார்களாம், அம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு அன்று இரவு ந்ஸிமா இறங்கவில்லை.

ஜெப நேரத்தை மாற்றலாமா என்று கிளினிக் பொறுப்பாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் தேவனுக்கு முதலிடம் கொடுக்காத இடத்தில் ஆசீர்வாதம் இருக்காது என்று முடித்துவிட்டார். ஓய்வுநாளானாலும் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடமாட்டீர்களா என்று இயேசு கேட்டதைச் சொல்லிப் பார்த்தேன், வேத வசனத்தை வைத்து வாதாடுவதில் என்னைவிடப் பழுத்தவர், நடக்கவில்லை.

வழி சொன்னது எங்கள் கிளினிக்கல் ஆபீசர். அங்கே அப்படி ஒரு பதவி உண்டு, டாக்டர் பட்டம் இருக்காது, டாக்டர் செய்கிற வேலையெல்லாம் செய்வார்கள், சிசேரியன் உட்பட. அவர் பிளான்டயர் நகரத்தில் குயின் எலிசபெத் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவர். எலிசபெத் மோலினியூ என்ற குழந்தை டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் அங்கே குழந்தைகள் பிரிவில் வரிசையையே மாற்றி அமைத்தார்கள். முதலில் வந்தவருக்கு முதலில் என்பதை எடுத்துவிட்டு, வாசலிலேயே பார்த்து ஆபத்தான குழந்தையை முதலில் உள்ளே தூக்கினார்கள். 10 முதல் 18 சதவீதம் வரை இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 6 முதல் 8 சதவீதமாக இறங்கியது. பெரிய மெஷின் எதுவும் வாங்கி வந்த பலன் அல்ல இது. "ஜெபத்தை யாரும் தொட வேண்டாம். காவலாளிக்குச் சொல்லிக் கொடுப்போம்" என்றார் எங்கள் ஆள்.

அந்தக் காவலாளிக்கேதான். மூச்சு வாங்குகிறதா? வலிப்போ மயக்கமோ இருக்கிறதா? கை சில்லிட்டிருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் கதவைத் திறந்து உள்ளே தூக்கி வா. ஒரு வாரம் அவரோடு விடியற்காலையில் வரிசையில் நடந்தேன். இரண்டே நாளில் என்னைவிட அவர் கண் கூர்மையாகிவிட்டது, ஏனென்றால் அவருக்கு அந்த அம்மாக்களைத் தெரியும், யார் எதற்கும் அலறுவாள், யார் கடைசி நிமிடம் வரை வாய் திறக்கமாட்டாள் என்று தெரியும். முதல் தடவை ஜெபத்தின் நடுவே தொப்பியோடு உள்ளே வந்து ஒரு குழந்தையை மேசையில் கிடத்தியபோது பொறுப்பாளர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு "ஆமென்" என்று சீக்கிரமாக முடித்தார். அதற்கப்புறம் அந்த ஜெபங்கள் கொஞ்சம் சுருக்கமாகவே இருந்தன, இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

2018-ல் பெங்களூருக்கே வந்துவிட்டேன். அம்மாவுக்கு முடியாமல் போனது, வேறு காரணம் எதுவும் இல்லை. இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சியில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். இங்கே ஆக்சிஜன் சுவரிலிருந்து வருகிறது, நரம்பு தேட வெளிச்சம் காட்டுகிற கருவிகூட இருக்கிறது. ஊசி குத்தும்போது இன்னும் சில சமயம் வாயில் பெபானி வந்துவிடும், ஆட்டோக்காரர் ஒருவர் "என்ன சிஸ்டர், கன்னடமா அது?" என்று கேட்டார். ஆனால் நடு ராத்திரி ஒரு ஆட்டோ காய்ச்சல் குழந்தையோடு வந்தால் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி முதலில் கையை நீட்டுவது பில்லிங் கவுண்டர் பக்கம். செக்யூரிட்டிக்குச் சொல்லிக் கொடுக்கலாமே என்று மீட்டிங்கில் கேட்டேன். நோயாளியைப் பார்ப்பது அவர்கள் வேலையில் வராது, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார்கள்.

அதனால் டீ நேரத்தில் நானே சொல்லிக் கொடுக்கிறேன். ராத்திரி ஷிப்டில் ஒரு ஒடியாப் பையன் நிற்கிறான், எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் மூன்று கேள்வியையும் சொன்னேன். மறுநாள் திருப்பிச் சொல்லு என்றேன். மூச்சு, மயக்கம், சில்லிட்ட கை, விரலை மடக்கிச் சரியாகச் சொன்னான். சொல்லிவிட்டு நாலாவது விரலையும் அவனாகவே மடக்கினான்: "இன்ஷூரன்ஸ் கார்டு இருக்கா, தீதி?"