பின்னால் நின்று பார்த்த சில்லு

சி.ரி. ஸ்கான் மெசினின் முன்மூடியைக் கழற்றினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கம்ப்யூட்டர் இல்லை, சைக்கிள் சில்லுதான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அப்பா சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர், அதனாலும் இருக்கலாம். சில்லைக் கழற்றி அச்சில் தூக்கிப் பிடித்து மெல்லச் சுழற்றி விடுவார். அது முன்னும் பின்னும் ஆடி, கடைசியில் காற்றடிக்கிற வால்கட்டைப் பக்கம் கீழே வந்து நிற்கும். "பாரம் எங்கை எண்டு அதுவே சொல்லும், நீ அவசரப்படாதை" என்பார். நான் அவசரப்பட்டதுதான் இந்தக் கதை.

மருத்துவ உபகரணங்கள் திருத்துகிற வேலையில் சேர்ந்த புதிதில் சி.ரி. என்றால் கணிதமும் மென்பொருளும்தான் என்று நினைத்திருந்தேன். படத்தைக் கட்டுவது கணிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணிதத்துக்குத் தீனி போடுவது சுற்றுகிற ஒரு பெரிய உலோக வளையம். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த, சி.ரி.யைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் மெசின், வயல் உழுகிற மாதிரி வேலை செய்தது. எக்ஸ்ரே கதிர் ஒரு கோடு ஓடும், பிறகு ஒரு பாகை திரும்பும், திரும்பவும் ஒரு கோடு. இப்படி 180 தரம், நாலைந்து நிமிடம். அதற்கு முன் ஆய்வுகூடத்தில் அவர் பரிசோதித்தது ஒரு பழைய கடைசல் இயந்திரத்தின் படுக்கையை வைத்துத்தான். அங்கே ஒரு படத்துக்குத் தரவு எடுக்கவே ஒன்பது நாள் போனதாம். இது தெரிந்த நாளிலிருந்து அந்த மனிதரில் எனக்கு ஒரு தனி மரியாதை.

பிறகு விசிறி மாதிரி விரிகிற கதிர் வந்தது, வளையம் முழுதாகச் சுற்றத் தொடங்கியது. ஆனால் கரண்ட் போகிற வயரும் தரவு வருகிற வயரும் கூடவே சுற்ற வேண்டுமே! கட்டையில் கட்டின ஆடு சுற்றிச் சுற்றி வந்து கயிறு தீர்ந்து நிற்கும் பாருங்கள், அதே நிலைதான். ஒரு சுற்று, நிறுத்து, திரும்பச் சுற்று. 80களின் நடுவில் நழுவு வளையம் வந்துதான் அந்தக் கயிறு அறுந்தது. வளையத்தில் உலோகப் பட்டைகள், அவற்றை உரசிக்கொண்டு நிற்கிற பிறஷ்கள், அவ்வளவுதான் சங்கதி. அது வந்ததால்தான் நிற்காமல் சுற்ற முடிந்தது, கட்டிலும் கூடவே நகர, 1989இல் சுருள் ஸ்கான் வந்தது. மூச்சைப் பிடித்து விடுவதற்குள் நெஞ்சு முழுவதையும் எடுக்கலாம் என்று வந்தது இந்த உரசலால். எங்களுக்கு மிஞ்சியது பிறஷ் தேய்ந்து கொட்டுகிற கரித்தூள். மழைக்கால ஈரத்தில் அது பட்டைகளுக்கு இடையில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வக்குவம் பிடித்து எடுத்துவிட்டுக் குளித்தாலும் மூக்குக்குள் ஒரு கறுப்பு மிஞ்சியிருக்கும்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். ஒரு தனியார் வைத்தியசாலையில் ரியூப் மாற்ற வேண்டும். (அப்பாவிடம் சொன்னபோது "ஒட்டுப் போட ஏலாதோ?" என்று கேட்டார், பகிடியாகத்தான்.) எக்ஸ்ரே ரியூப் என்றால் கொடுக்கிற சக்தியில் நூற்றில் ஒரு பங்குகூடக் கதிராகாது, மிச்சம் முழுக்கச் சூடு. அந்தச் சூட்டைத் தாங்க உள்ளே ஒரு தட்டு வெற்றிடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். வெற்றிடத்தில் எண்ணெய் போட முடியாது, ஆவியாகி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால் சில ரியூப்களில் பெயரிங்குக்கு எண்ணெய்க்குப் பதிலாகக் காலியம் என்கிற உலோகம் கலந்த திரவ உலோகம். இதை யோசித்தவன் சும்மா ஆளில்லை. அந்தத் தட்டு ரியூப்புக்குள் சுற்ற, ரியூப் வளையத்தோடு சேர்ந்து நோயாளியைச் சுற்றுகிறது.

இப்போது ஒரு கணக்கு. ரியூப் 40 கிலோ, மையத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது, அரைச் செக்கனுக்கு ஒரு சுற்று என்று வையுங்கள். அது வெளியே இழுக்கிற இழுவை கிட்டத்தட்ட 390 கிலோ பாரத்துக்குச் சமம். கால் செக்கன் என்றால் அதன் நாலு மடங்கு. இதயம் துடிக்கும்போதே அசையாத படம் வேண்டுமென்றால் அந்த வேகம் வேண்டும்; அதற்காகத்தான் சில மெசினில் வளையத்தைக் காற்றுப் பெயரிங்கில் மிதக்க விட்டார்கள், இன்னொரு கம்பனி 2005இல் இரண்டு ரியூப்பைப் போட்டுப் பாதித் தூரத்தில் வேலையை முடித்தது. எனக்கு இரண்டாவது வழி கொஞ்சம் தந்திரமாகப் படும், பிடிக்கும்.

புது ரியூப் பழையதின் அதே நிறை என்று சொல்ல முடியாது. 100 கிராம் வித்தியாசமே அந்த வேகத்தில் ஒரு கிலோ இழுவையாகி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் உலுப்பும். ஆகவே நிறை சமப்படுத்த வேண்டும். சைக்கிள் சில்லு மெல்லியது, ஒரு தளத்தில் பார்த்தால் போதும். இந்த வளையத்துக்கு ஆழம் இருக்கிறது. நிற்கும்போது சமமாக இருந்தாலும் முன்பக்கப் பாரமும் பின்பக்கப் பாரமும் எதிரெதிரே இருந்தால் ஓடும்போது தலையாட்டும். அதனால் எடைத்தகடுகளை முன்னும் பின்னும் பூட்டினேன், மென்பொருள் சொன்ன கோணத்தில்.

ஒரு செக்கனுக்கு ஒரு சுற்றில் எந்தக் குறையும் இல்லை. வேகத்தைக் கூட்டினேன், அரைச் செக்கனை நெருங்கும்போது தரையில் ஒரு அதிர்வு, மெசின் தானே நின்றுவிட்டது. தகட்டைக் கூட்டினேன், இன்னும் மோசம். நடுவில் கரண்ட் போய் ஜெனரேற்றரில் ஓட்டிப் பார்த்தோம், மோட்டரைச் சந்தேகித்தோம், பெயரிங்கைச் சந்தேகித்தோம், கொழும்புக்குப் போன் எடுத்து அங்கே ஒருவரின் நித்திரையையும் கெடுத்தேன். ரேடியோகிராபர் அண்ணை பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் மெசினுக்குப் பின்னால் நிலத்தில் குந்தியிருந்து குடிக்கும்போதுதான், வளையத்தில் அச்சடித்த பாகை எண்கள் நான் நினைத்ததற்கு எதிர்ப்பக்கமாக ஏறிப்போவதைக் கண்டேன். 70 பாகை என்றால் முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு 70. பின்னால் நின்று அதே வலஞ்சுழியாக எண்ணினவன் தகட்டை 290இல் பூட்டியிருக்கிறான். முன்பக்கம் சரி, பின்பக்கம் நேர் கண்ணாடிப் பிம்பம்.

"பிழை பிடிபட்டிட்டுதோ தம்பி?" என்று அண்ணை கேட்டார். "மெசினிலை இல்லை அண்ணை" என்றேன்.

தகட்டை மாற்றிப் பூட்டி ஓட்டியபோது விடியற்காலை நாலு மணி இருக்கும். மூடியைப் போட்டு, முழு வேகத்தில் விட்டு, மேலே ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை விளிம்பில் நிறுத்திப் பார்த்தேன், நின்றது. காலையில் முதலாவதாக வந்த ஆச்சி வெளியே வரும்போது, "உதுக்குள்ளை என்ன கிடந்து சுத்துது, மில்லுக்குள்ளை படுத்த மாதிரிக் கிடந்துது" என்று கேட்டா. சில்லுதான் ஆச்சி என்று சொன்னேன், நம்பவில்லை.

இப்போதும் மூடியைக் கழற்றினால் முதல் வேலை, வளையத்தின் பின்புறத்தில் வெள்ளை ரேப் ஒட்டி, கோணம் ஏறுகிற திசைக்கு அம்புக்குறி போடுவது. கூட வருகிற பொடியன் சிரிக்கிறான். போன மாதம் அவனையே கீறச் சொன்னேன், மறுபக்கமாய்க் கீறி வைத்திருந்தான்.