ரீடிங்ல ஒரு கண்வலிக்கிழங்கு

எங்களுக்கு மூலனூர் பக்கம். செங்காந்தள்னு எங்க ஊர்ல யாரும் சொல்லமாட்டாங்க, கண்வலிக்கிழங்குதான், அதுவும் பூவுக்காக இல்ல, விதைக்காகப் போடற வெள்ளாமை. கம்பில ஏத்திவிட்டு ஐப்பசி கார்த்திகைல காலங்காத்தால ஒவ்வொரு பூவா மகரந்தம் தொட்டுவிடணும், லீவுல அம்மிச்சி, அதான் எங்க அம்மாவோட அம்மாகூட நானும் போயிருக்கேன்.

இங்கிலாந்துல ரீடிங்கிற ஊருக்கு வந்து ரெண்டாவது வருஷம் ஒரு கார்டன் சென்டர்ல பாக்கெட்டுக்குள்ள ஒரே ஒரு கிழங்கு, மேல குளோரியோசான்னு பேரு, படத்துல எங்க தோட்டத்துப் பூ. கண்ணு கலங்கிருச்சு, வாங்கிட்டேன்.

தொட்டிக்குள்ள அடங்கலைன்னு அமுக்கி வெச்சதுல நுனி ஒடிஞ்சுது, அது வரவே இல்ல. கிழங்கு கலப்ப மாதிரி ரெண்டா வளைஞ்சிருக்கும், முளை அந்த நுனிலதான் இருக்கு, பூவத் தொட்ட எனக்கு கிழங்கு ஊனத் தெரியல. அடுத்த வருஷம் வாங்கினது நல்லா பூத்துச்சு, ஆனா அக்டோபர்ல இலை பழுக்கவும் பயந்துபோய் குளிர் பூரா தண்ணி ஊத்திட்டே இருந்தேன், மார்ச்ல தோண்டிப் பாத்தா கூழ். அம்மிச்சிக்கு போன் பண்ணி அழுதேன். "செடி காஞ்சப்புறம் ஆராச்சும் தண்ணி உடுவாங்களா கண்ணு, அது தூங்கட்டும் உடு"ன்னாங்க.

இப்ப அப்படித்தான். மார்ச் கடைசில பெரிய தொட்டில, மண்ணோட பொடிக்கல்லு கலந்து, கிழங்கைப் படுக்கவெச்சு ரெண்டு மூணு இஞ்ச் மூடி, வீட்டுக்குள்ள 20 டிகிரி சூட்டுல வெக்கறேன். முளை வந்ததும் வெளிச்சம், ராத்திரி குளிர் 10 டிகிரிக்குக் கீழ போகாதப்பதான் பின்னாடி இருக்கற கண்ணாடி க்ரீன்ஹவுஸ். இலை நுனியே சுருண்டு குச்சியப் புடிச்சுக்கும், கட்டிவிட வேண்டியதில்ல. மொட்டு பச்சையா தலைகீழாத் தொங்கும், அப்புறம் இதழெல்லாம் மேல மடங்கி, அடில மஞ்சளும் நுனில செவப்புமா இருந்து நாள் போகப்போக முழுசாச் செவந்துரும். செடி காஞ்சா தண்ணிய நிறுத்தி, தொட்டியோட மாடிப்படிக்குக் கீழ வெச்சிருவேன். பழைய கிழங்கு வத்தி அதுக்குப் பதிலா புதுசு ஒண்ணு உண்டாகியிருக்கும்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், கொழந்தைங்க இருக்கற வீட்டுல ரொம்ப ஜாக்கிரதை. கிழங்கு பாக்க சக்கரவள்ளி மாதிரியே இருக்கும், ஆனா செடி முழுக்க கோல்ச்சிசின் வெசம், உயிரையே எடுத்துரும். எம் பொண்ணுக்கு நாலு வயசு, க்ரீன்ஹவுஸுக்குப் பூட்டு போட்டிருக்கேன், நான் கையுறை இல்லாம கிழங்கத் தொடறதில்ல.

போன மாசம் மொத பூ விரிஞ்சப்ப வீடியோ கால்ல அம்மிச்சிக்குக் காமிச்சேன். மகரந்தத்த வாங்கற சூல்தண்டு பக்கவாட்டுல மடங்கி மகரந்தத்துக்கு எட்டாம நிக்குமில்ல, அதப் பாத்ததும் "வெயில் ஏறதுக்குள்ள தொட்டுடு சாமி"ன்னு அவசரப்படுத்தினாங்க. தொட்டேன். இப்ப பச்சைக் காய் ஒண்ணு வெரல் நீளத்துக்குத் தொங்குது, அங்க ஆடிப்பட்டத்துக்குக் கிழங்கு ஊனிட்டு இருக்காங்க.